ஓய்வும் உயர்வும்

‘ஓய்வு’ என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்பார் பலர். உழைப்பே உயர்வு தரும் என்பதும், ஓய்வாவது சோம்பலுக்கு இட்ட மறுபெயர் என்பதும் அவர்தம் கொள்கை. மற்றொரு சாராரோ ஓய்வு என்பது கேளிக்கையே எனக் கருதி, விடுமுறை முழுவதையுங் கைப்பேசியின் சிறு திரைக்குக் காணிக்கையாக்கிவிட்டு, முன்னிருந்ததினும் மிகுந்த களைப்போடு கல்லூரிக்குத் திரும்புகின்றனர். இவ்விரு திறத்தாரும் ஓய்வின் இயல்பை உணர்ந்தாரல்லர். ஓய்வு கல்விக்குப் பகையன்று; அது கல்வியின் விளைநிலம். அந்நிலத்தை மாணவரிடமிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பறித்து வருதல் இக்காலத்து வழக்கமாயிற்று. அது தகாது என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுவது.

தமிழ் பயில்வோன் ஆதலின் முதற்கண் சொல்லினின்று தொடங்குகின்றேன். ‘பள்ளி’ என்பது நாம் எழுத்தறிந்த இடத்திற்குப் பெயர். அதுவே துயிலும் இடத்திற்கும் பெயர். அரசர் உறங்கும் அறை பள்ளியறை. திருமால் அறிதுயில் கொள்ளுதலைப் பள்ளிகொள்ளுதல் என்பர். துயிலுணர்த்தும் பாடல் திருப்பள்ளியெழுச்சி. சமண முனிவர் உறைந்த இடமும் பள்ளியே. சித்தன்னவாசல் முதலிய குன்றுகளில் அம்முனிவர்க்கெனக் கல்லிற் செதுக்கிய படுக்கைகளை இன்றுங் காணலாம். துயிலிடம், துறவோர் உறைவிடம், கல்வி பயிலுமிடம் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் வழங்கினர். மேலைநாட்டிலும் இஃதொப்பதொன்று உண்டு. ‘ஸ்கூல்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘ஸ்கொலே’ என்னுங் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அதன் முதற்பொருள் ஓய்வுப்பொழுது என்பதே. வயிற்றுக்கென உழைக்கும் உழைப்பினின்று விடுபட்ட நேரத்திலேயே மனிதன் அறிவைத் தேடுகின்றான் என்பதை இரு பெரு மொழியாரும் உணர்ந்திருந்தனர் போலும்.

தொல்காப்பியனார் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கு சொற்களையும் ஒருங்கு நிறுத்தி, அவை முன்பு உள்ள நிலையினும் நுணுகுதலை உணர்த்தும் என்றார். மெலிதலும் சுருங்குதலுமே அதன் கருத்து என்பது யாவரும் அறிந்தது. எனினும் ஓய்தலும் ஆய்தலும் ஒரு நூற்பாவில் அடுத்தடுத்து அமர்ந்திருத்தலைக் காணுந்தோறும், ஓய்ந்திருக்க அறிந்தவனே ஆய்ந்துணர வல்லான் என்று சொல்லத் தோன்றுகின்றது. இஃது இலக்கண முடிபன்று. மாணவன் ஒருவனின் ஆசை எனக் கொள்க.

சொல் நிற்க, பொருளை நோக்குவோம். யான் பிறந்த ரெட்டிபாளையம் அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர். அப்பக்கத்து நிலத்தின் அடியிற் சுண்ணாம்புக்கல் செறிந்துள்ளது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகட்கு முன் அங்குக் கடல் பரந்திருந்தது. அதில் வாழ்ந்த சிப்பி முதலிய உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகியதே இக்கல். அவசரம் என்பதையே அறியாத இயற்கை அடுக்கி வைத்த அக்கல்லைத் தோண்டியே இன்று நாடெங்கும் வீடுகளும் பாலங்களும் விரைந்து எழுகின்றன. கல்லைச் சிமெண்டாக்கும் சூளை இரவும் பகலும் சுழன்றுகொண்டிருப்பது. அதனுள்ளே கல் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகின்றது. அவ்வெப்பத்தினின்று சூளையின் இரும்புக் கூட்டைக் காப்பதற்கு உட்புறமெங்குந் தீச்செங்கல் பதித்திருப்பர். செங்கல் நாளடைவில் தேயும். ஆதலின் குறித்த காலத்திற்கு ஒருமுறை சூளையை நிறுத்தி, ஆறவிட்டு, தேய்ந்தவற்றைப் பெயர்த்துப் புதியன பதிப்பர். தொழிலாளர் அதனை ‘ஷட்டவுன்’ என்று வழங்குவர். நிறுத்திய நாட்களில் விளைவு இல்லை என்பது மெய்யே. நிறுத்தாதுவிடின் சூளையே இல்லை என்பதும் மெய். இரும்பாலாய சூளைக்கு ஆலை முதலாளி அளிக்கும் ஓய்வை நாம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அளிக்கத் தயங்குகின்றோம்.

உழவரும் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிவர். அறுவடை முடிந்த கரிசற்காட்டைக் கோடையில் உழுது வெயிலிற் காயவிடுவர். உழுத புழுதி காற்பங்காகுமாறு காயின் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்பது திருவள்ளுவர் உழவு அதிகாரத்தே கூறிய கருத்து. காய்கின்ற நிலத்தைக் காண்போர் அது வறிதே கிடக்கின்றது என்பர். உழவனோ, அடுத்த போகத்து விளைச்சல் அங்கே தொடங்கிவிட்டது என்பான்.

நிலத்திற்கும் சூளைக்கும் பொருந்துவது மக்கள் உள்ளத்திற்கும் பொருந்துமோ எனின், எம் பக்கத்து மண்ணிலே தமிழ் பயின்ற ஒருவர் வாழ்க்கையே விடை கூறும். 1855-ஆம் ஆண்டு பிறந்த உத்தமதானபுரத்து டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். கதை நிகழ்த்திப் பொருளீட்டியவர். அவர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோதெல்லாம் இளைஞர் சாமிநாதரும் உடன் பெயர்ந்தார். அரியலூரிற் சடகோபையங்கார் அவருக்குத் தமிழின் சுவையை ஊட்டினார். குன்னத்திலும் கார்குடியிலும் வேறு சிலரிடம் பாடங் கேட்டார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பயின்றார். அந்நாளில் திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சார்ந்திருந்த இவ்வூர்களுட் பல இன்று அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் உள்ளன. ஓராசிரியரை விட்டு மற்றோராசிரியரை அடையுமுன் அவர் காத்திருந்த நாட்கள் பல; பாடமின்றி ஏங்கியிருந்த நாட்களும் பல. இக்காலத்து அட்டவணையைக் கொண்டு அளப்போமாயின் அவையனைத்தும் வீண்நாட்களே. எனினும் 1871-இல் அவர் மாயூரஞ் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தபொழுது, அத்துணை நாளும் உள்ளே ஊறிக் கிடந்த வேட்கையே அவரை அப்பேராசிரியரோடு பிணித்தது. கற்றதை அசைபோடவும் கல்லாததற்கு ஏங்கவும் கிடைத்த காலம் வீண்காலம் ஆகாது.

அவர் ஆசிரியரான பின்னர் ஓய்வைப் பயன்படுத்திய வகை இன்னும் நோக்கத்தக்கது. 1880-இற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். கல்லூரியில் அவர் கற்பிக்க வேண்டிய பாடம் ஒருபுறம் இருந்தது. கல்லூரிப் பணி ஒழிந்த வேளைகளில் அவர் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கினார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். சீவகசிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அச்சேறின. இன்று நாம் தேர்வுக்கெனப் படிக்கும் இந்நூல்களுட் பல, ஓராசிரியர் தம் ஓய்வுப்பொழுதிற் கண்டெடுத்தவை. அவர் விடுமுறைகள் யாவும் சிறப்பு வகுப்புக்களாலும் அறிக்கைகளாலும் நிரப்பப்பட்டிருக்குமாயின், நம் பாடத்திட்டம் எத்துணை வறிதாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க.

“அது ஓய்வன்றே, அவர் உழைத்தாரன்றோ?” என்று வினவுவார் உளராயின், அவர்க்கு யான் கூறுவது இது. கைகால்களை நீட்டிக் கிடத்தல் மட்டும் ஓய்வன்று. பிறர் வகுத்த பணியினின்று நீங்கி, தன் உள்ளம் விழைந்ததைத் தன் போக்கில், தன் நடையில் செய்யும் சுதந்தரமே ஓய்வு. சோம்பேறி தன் கடமையை ஒளித்து ஓடுகின்றான். ஓய்வு கொள்வோன் தன் கடமையை முடித்துத் தன்னிடம் மீள்கின்றான். ஔவையார் கடிந்தது முன்னதை; பின்னதை யாரும் கடிந்திலர். கேளிக்கையும் ஓய்வாகாது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படங்களிற் கண்ணைப் பதித்திருப்போன் உள்ளம் பிறர் கையிலுள்ளது, தன்னிடம் மீண்டதன்று.

சாமிநாதையர் 1919-இற் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றார். ஆண்டு அறுபத்து நான்கு நிரம்பிய அவர், அதன்பின் 1924-இற் பெருங்கதையையும் 1937-இற் குறுந்தொகையையும் வெளியிட்டார். இடையே சிதம்பரத்து மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமையும் பூண்டார். 1940-இல், எண்பதைக் கடந்த முதுமையில், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் அவர் மறையும் வரை அதனை எழுதி வந்தார்; நூல் முற்றுப்பெறவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் கல்வி முறையை அறிய விரும்புவோர்க்கு அதற்கு நிகரான நூல் அரிது. தம்மைக் கற்பித்த சிற்றூர் ஆசிரியர்களை அவர் அந்நூலில் மறவாது போற்றினார். ஓடும்பொழுது எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்று திரும்பிப் பார்ப்பவனுக்கே தன்னை வளர்த்தவர் கண்ணிற் படுவர். நன்றியும் ஓய்வில் விளையும் பயிரே.

பெரியோர் வாழ்க்கையிற் கண்ட இதனை ஆராய்ச்சியாலும் அறியலாம். அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டேலன்பாக் என்னும் இருவர் 1924-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். இரண்டு மாணவரைப் பொருளற்ற அசைகளை மனப்பாடஞ் செய்யுமாறு ஏவினர். மனப்பாடஞ் செய்தபின் ஒருகால் அவரை உறங்கவிட்டனர். ஒருகால் விழித்திருந்து அன்றாட அலுவல்களைச் செய்யவிட்டனர். பல மணி நேரங் கழித்து வினவியபோது, உறங்கியெழுந்த நாட்களிலேயே நினைவில் நின்ற அசைகள் மிகுதியாயிருந்தன. உறக்கம் நினைவைப் பேணி உறுதிப்படுத்துகின்றது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் வலியுறுத்தின. தேர்வுக்கு முந்தைய இரவைத் தேநீரால் வெல்ல முயலும் நம் விடுதி நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

இனி நம் நாளைய நிலையை நோக்குவோம். மேல்நிலைப் பள்ளியிற் பயிலும் பிள்ளைக்குக் கோடை விடுமுறை என்பது பெயரளவில் உள்ளது. காலையிற் சிறப்பு வகுப்பு, மாலையில் தனிப்பயிற்சி, ஞாயிறன்று மாதிரித் தேர்வு. கல்லூரியிலோ அகமதிப்பீடு முடிவதற்குள் பருவத்தேர்வு வந்துவிடுகின்றது. அதற்குள் அடுத்த ஒப்படைப்புக்கு நாள் குறித்துவிடுகின்றனர். ஆசிரியர்க்கும் இதே கதி. விடைத்தாள் திருத்தம், பதிவேடு, இணையத்திற் புள்ளிவிவரம் ஏற்றுதல் எனப் பொழுது கழிகின்றது. ஒரு நூலை முழுவதும் படித்து முடிக்க அவர்க்கு நேரம் எங்கே? 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளியாசிரியர்க்கு வாரம் 45 மணி நேரப் பணி வகுத்தபோது, பாடத்திற்கு ஆயத்தஞ் செய்யும் நேரத்தையும் அதனுள் அடக்கிற்று. வகுப்பறைக்கு வெளியே அமைதியாக அமர்ந்து படிப்பதும் ஆசிரியப்பணியே என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. நடைமுறையும் அதனை ஏற்க வேண்டும். ஊற்றுக்கண் அடைபட்ட கிணற்றில் எத்துணை முறை வாளியை விடுத்தாலும் சேறே வரும்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். போட்டி மிகுந்த இக்காலத்தில் ஓய்ந்திருப்பவன் பின்தங்கிவிடுவான் அன்றோ? சிறப்பு வகுப்பு இன்றேல் சிற்றூர்ப் பிள்ளை நகரத்துப் பிள்ளையோடு எங்ஙனம் போட்டியிடுவான்? இவ்வச்சம் பொய்யன்று, ஏழைப் பெற்றோர் நெஞ்சில் இரவெல்லாம் எரியும் அச்சம் இது. அதனை யான் எளிதாக எண்ணேன். ஆயினும் குறையுள்ள கல்வியை நாளைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. அதன் தரத்தைக் கூட்டியே சரிசெய்ய வேண்டும். பள்ளி நாட்களில் முறையாகக் கற்பித்தால், விடுமுறையைப் பறிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் ஒழியும். மேலும், பயிற்சியால் தேர்வை வெல்லலாம்; தேர்வுக்குப் பின் வரும் நாற்பது ஆண்டு வாழ்க்கைக்கு, தானாகவே ஒரு நூலை எடுத்துப் படிக்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் எவரும் ஏவாத பொழுதிலேயே முளைக்கும்.

ஓய்வு யார்க்கு உரியது என்பது இறுதியாக நாம் எண்ண வேண்டிய வினா. விவிலியத்துள் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்கவில்லை. மகனும் மகளும், பணியாளும் பணிப்பெண்ணும், கால்நடையும், வாயிலில் தங்கிய அயலானும் அந்நாளில் ஓய்ந்திருக்க வேண்டும் என்கின்றது. ஏழாம் ஆண்டில் நிலத்தையும் உழாது விடவேண்டும். அதில் தானே விளைந்தது ஏழைகட்கு உரியது என்பது மோசேயின் சட்டம். 1880-இல் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு கல்லூரி தன் பேராசிரியர்க்கு ஏழாம் ஆண்டில் ஆராய்ச்சிக்கென விடுப்பு அளிக்கத் தொடங்கியபோது, அவ்விடுப்பின் பெயரை இச்சட்டத்தினின்றே எடுத்துக்கொண்டது. நம் தமிழ் மரபும் இதற்குப் பின்னிட்டதன்று. மாட்டுப்பொங்கலன்று எருதை ஏரிற் பூட்டும் உழவன் இல்லை.

ஆனால் தொழிலாளர்க்கு ஓய்வு எளிதில் வாய்க்கவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர், நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் பல ஆண்டுகள் வாதாடிய பின்னரே, 1890-இல் ஞாயிறு விடுமுறை பெற்றனர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையையும், ஐந்து மணி நேர உழைப்புக்கு மேற்படாது அரைமணி இளைப்பாறுதலையும் விதித்தது. எழுதப்பட்ட சட்டம் ஆலைக்குள் எட்டும், காட்டுக்குள் எட்டுவதில்லை. எம் மாவட்டத்து முந்திரிக்காடுகளிற் கொட்டை பொறுக்கும் காலம் கோடை. நகரத்துப் பிள்ளை பயிற்சி வகுப்புக்குச் செல்லும் அதே நாட்களில், கூலிக் குடும்பத்துப் பிள்ளை தாயோடு காட்டிற்குச் செல்கின்றது. ஒன்றின் விடுமுறையைப் போட்டி பறித்தது. மற்றொன்றின் விடுமுறையை வறுமை பறித்தது. ஓய்வில்லாதவனுக்குப் பள்ளி இருந்தும் இல்லை என்பது மேற்கூறிய சொற்பொருளால் விளங்கும். ஆதலின் ஓய்வைப் பற்றிப் பேசுவோர் கூலியைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்.

குறை கூறுதல் எளிது. செய்யத்தக்கனவுஞ் சில கூறுவேன். முதலாவது, நம் கல்லூரியில் வாரத்தில் ஒரு பிற்பகலேனும் வகுப்பும் தேர்வும் இன்றி விடப்படுக; அப்பொழுதில் நூலகம் திறந்திருக்கட்டும்; வருகைப்பதிவு வேண்டா. இரண்டாவது, விடுமுறைக்கென ஒப்படைப்பு விதியாதிருக்க. ஆசிரியர் விரும்பினால் தாம் நயந்த ஒரு நூலின் பெயரை மட்டும் கூறி விடுக்கட்டும். மூன்றாவது, ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள ஆசிரியர்க்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு உரிமையாகுக. நான்காவது, கோடையிற் கூலிக்குச் செல்லும் மாணவர்க்கு அக்கோடைக்குரிய உதவித்தொகையைப் பழைய மாணவர் சங்கத்தார் அளிக்க முன்வருக. ஒரு மாணவனுக்கு ஒரு மாதத்து ஓய்வை வாங்கித் தருதல், ஒரு கட்டடத்திற் பெயர் பொறித்தலினும் சிறந்த அறம் என்பது என் துணிபு.

இவற்றுள் முதல் இரண்டிற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை; மனம் இசைந்தாற் போதும். மாணவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கிடைத்த ஓய்வைச் சோம்பலிலும் கேளிக்கையிலும் சிதறிவிட்டு, ஓய்வு வேண்டும் என்று குரலெழுப்புதல் நேர்மையன்று. எவரும் ஏவாமல் ஒரு நூலேனும், எவரும் வினவாமல் ஒரு செய்தியேனும் ஒவ்வொரு விடுமுறையிலும் நாம் தேடிக் கற்போமாயின், நமக்களித்த ஓய்வு வீணாயிற்று என்று ஆசிரியரும் பெற்றோரும் கூறார். ஓய்வைப் பெறுவோம், பெற்றதைப் பேணுவோம், பெறாதார்க்கும் அது கிட்டுமாறு உழைப்போம். பள்ளி என்னும் பழஞ்சொல் தன் முழுப்பொருளோடு நம்மிடையே வாழ்வதாக.